புதன்கிழமை நாற்று

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். காலை முழுவதும் கோயிலில் நின்று காவடிச் செய்தியை அனுப்பிவிட்டு வரும்போது, ஜொகூரில் தம்போய் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சமிக்ஞை விளக்கில் திரும்பாமல் நேராகப் போய்விட்டேன். வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் திரும்புகிற விளக்கு. காரில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன் போலும். பக்கத்து லாரிக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

காரணம் முதல் பத்தியிலேயே வர வேண்டும் என்று புதிய நிருபர்களிடம் சொல்பவள் நான். ஆகவே: எனக்குக் கல்யாணம். வயது ஐம்பத்தேழு. மாப்பிள்ளை ரூபேந்திரன், அறுபத்தொன்று, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயந்திரம் பழுதுபார்த்தவர், மனைவியை இழந்தவர், இப்போது பெக்கான் நானாசில் இரண்டு ஏக்கர் அன்னாசி போட்டிருக்கிறார். நாள் ஜூன் 8, ஞாயிறு. அக்கா நேற்று இரவு சரி என்றுவிட்டார்.

அக்கா இராசம்மா என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஓய்வுபெற்ற தாதி. அத்தான் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் சரி என்னாமல் எனக்கு எதுவும் சரியாகாது. இதை ரூபேந்திரனிடமும் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அக்காவிடம் கொஞ்சம் பயம்.

பிப்ரவரி 13, வியாழன்

விருந்தினருக்கு என்ன கொடுப்பது என்று மாநாடு. சிறிய பித்தளை விளக்கு என்றார் அக்கா. அன்னாசி ஜாம் என்றார் ரூபேந்திரன். ஆளுக்கொரு ஊசி மிளகாய் நாற்று, நாமே முளைக்க வைத்தது, என்றேன் நான். அவர் தோட்டத்து வேலியோரம் காய்க்கிற மிளகாய் அது. போன ஆண்டு வெள்ளச் செய்திக்குப் போனபோது, பேட்டி முடிந்ததும் கைநிறைய பறித்துக் கொடுத்தார். செய்தியில் அவர் பெயரை ராஜேந்திரன் என்று போட்டுவிட்டோம். திருத்தம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தார். திருத்தம் போட்டேன். நன்றி சொல்ல அழைத்தார். பிறகு காரணமே இல்லாமல் அழைத்தார்.

அக்கா, “கல்யாணத்துல மிளகாயா? வாங்கிட்டுப் போற வீட்டுல எல்லாம் சண்டதான் வரும்லா” என்றார்.

“காரம் இல்லாத வீட்டுல சோறு எறங்குமா அக்கா?” என்றார் ரூபேந்திரன்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். போனதை நான் ஒப்புதல் என்று குறித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15, சனி

இந்த ஆண்டு முதல் ஜொகூரில் மறுபடி சனி, ஞாயிறு விடுமுறை. நிருபருக்கு அதனால் லாபம் இல்லை. சங்கக் கூட்டங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கு மாறியிருக்கின்றன, அவ்வளவுதான்.

தேங்காய் நார்த்தூளை ஊறவைத்து, தட்டுக் குழிகளில் நிரப்பி, குழிக்கு ஒரு விதை. தட்டுகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில், சன்னல் ஓரம் அடுக்கியாயிற்று. நாங்கள் இனி மடியில் தட்டு வைத்துச் சாப்பிட வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

முளைத்துவிட்டது. நகராட்சிச் செய்தியாளர் கூட்டத்தில் வடிகால் பற்றிப் பேசினார்கள். நான் புன்னகைத்துக்கொண்டே இருந்தேனாம். பேசியவர் முடிவில் என்னைப் பார்த்து நன்றி சொன்னார்.

மார்ச் 1, சனி

இரண்டாவது அடுக்கு, முன்னெச்சரிக்கையாக. இதற்குச் சாலையோர நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண். ஒரே தகவலை ஒரே ஆளிடம் கேட்டு நம்புவதில்லை. விதைக்கும் அதே விதி.

மார்ச் 9, ஞாயிறு

முதல் அடுக்கு நான்கு இலை விட்டிருக்கிறது. வெளியே வைக்கும் பருவம். எனக்கு மூவாரில் மகளிர் சங்க ஆண்டுக்கூட்டம். அக்காவிடம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனேன். இரவு வந்து பார்த்தால், முன்வாசல் சிமெண்டுத் தரையில், வீட்டிலேயே நல்ல இடத்தில், வரிசை பிசகாமல் நிற்கின்றன. தாதி வைத்த கட்டில்கள் மாதிரி.

ரூபேந்திரனுக்குப் படம் அனுப்பினேன். “ரிப்போர்ட்டரம்மா, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயாச்சா?” என்று பதில். இந்த வயதில் ஒரு வாட்ஸ்அப் வரியை ஆறு முறை படிப்பது என்ன வியாதி?

மார்ச் 11, செவ்வாய்

எல்லாம் போயிற்று. இலைகள் வெளுத்து, தொட்டால் காகிதம் போல் நொறுங்குகின்றன. நார்த்தூள் சுருங்கிக் குழியின் சுவரை விட்டு விலகி நிற்கிறது.

மார்ச் 12, புதன்

நர்சரி வைத்திருக்கும் காளியப்பனைப் பார்த்தேன். நார்த்தூளில் உப்பு இருக்கும், நாலு தண்ணீர் மாற்றி அலச வேண்டும், அலசினீர்களா என்றார். ஒரு தண்ணீர்தான் மாற்றினேன். அப்படியானால் குற்றவாளி உப்பு.

மரணச் செய்திதான், ஆனாலும் மனம் துள்ளுகிறது. இரண்டாவது அடுக்கு மேசையில் பச்சையாக இருக்கிறது. வழியில் கடையில் நுழைந்து மாம்பழ நிறத்தில் ஒரு சேலையைத் தோளில் போட்டுப் பார்த்தேன். விற்கும் பெண், மகள் கல்யாணமா என்று கேட்டாள். இல்லை, மணப்பெண்ணே நான்தான் என்றேன். அவள் முகத்துக்காகவே இன்னொரு முறை கல்யாணம் செய்யலாம்.

மார்ச் 23, ஞாயிறு

கறுப்பு மண் அடுக்கு வெளியே. அக்கா வைத்தார். நான் கூலாயில் திருமுறை விழா.

மார்ச் 25, செவ்வாய்

இதுவும். ஆனால் வேறு மாதிரி. இலை வெளுக்கவில்லை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் இற்று, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. மாலையில்கூட அந்தக் கறுப்பு மண் கையில் கதகதப்பாக இருந்தது.

விவசாய அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அதிகாரியைக் கேட்டேன். மூட்டை மண்ணில் பூஞ்சை இருக்கும், கழுத்தழுகல் என்றார். இரண்டாம் குற்றவாளி.

எங்கள் பத்திரிகை ஆசிரியர் செல்வா, ஞாயிறு மலருக்கு இதையே ஒரு கட்டுரையாகக் கொடுங்கள் என்றார். இன்னும் உறுதியாகவில்லை என்றேன். “அக்கா, நீங்க ஒரு செடியப் பத்திக்கூட ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் எழுதுவீங்களா?” என்றார். ஆமாம்.

மார்ச் 29, சனி

முதல் அடுக்கு செத்ததைக் கேட்டு, போன வாரமே ரூபேந்திரன் பெக்கான் நானாசிலிருந்து லாரியில் மண்ணோடு வந்திறங்கினார். அன்னாசித் தோட்டத்துச் சதுப்பு மண். காப்பித்தூள் நிறம், கையில் எடுத்தால் எடையே இல்லை. மிளகாய் பிறந்த மண்ணிலேயே மிளகாயை வளர்ப்போம் என்றார். அக்கா தாமாகவே ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, “நல்ல மண்ணுதான்” என்றார். அன்றே விதைத்தது இன்று முளைவிட்டிருக்கிறது.

கையில் கொஞ்சம் விதை மீந்தது. எறிய மனமில்லாமல், பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஓட்டை போட்டு, பின்புறக் கால்வாயோரம் இருக்கும் களிமண்ணைச் சுரண்டிப் போட்டு ஊன்றினேன். கேவலமான மண். காய்ந்தால் ஓடு, நனைந்தால் சேறு. அதையும் மேசைக்கு அடியில் தள்ளினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பெக்கான் நானாஸ் அடுக்கு வெளியே. அக்கா காலையிலேயே குளித்துத் திருநீறு பூசி, ஏதோ பரீட்சைக்குப் போகிறவர் போல இருந்தார். எனக்குப் பத்து பகாட் ஊரில் புத்தக வெளியீடு. போகிற வழியெல்லாம் ஸ்டியரிங்கில் தாளம்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. தலையில் மூலிகை மருந்துநீர் வைத்துக் குளித்து, பொங்கிப் படைத்து, முன்வாசலுக்குக் கோலம் போடப் போன அக்கா கோலப்பொடியோடு அப்படியே நின்றார். நாற்று எல்லாம் தலையைத் தொங்கப் போட்டிருந்தது. மேல்மண் காய்ந்து தூளாகி, தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் மேலேயே உருண்டு ஓடுகிறது.

அக்கா பால்சோற்றைத் தொடவில்லை.

“மூணு தடவ, சுபா. மூணு மண்ணு. அவர் மண்ணுலகூட நிக்கல. அதுவும் வருசப்பொறப்பு அன்னைக்கு.”

மண்ணில் புளிப்பு அதிகம் அக்கா, சுண்ணாம்பு போட்டிருக்கணும் என்றேன்.

“மண்ணப் பத்தி நீ எழுது. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்றேன். வைகாசி வேணாம். ஆவணிக்குத் தள்ளி வெப்போம்.”

தள்ளி வைப்போம்! பத்திரிகையில் தள்ளி வைத்த எந்தச் செய்தியும் அச்சேறி நான் பார்த்ததில்லை. ஆவணி வரும், அப்போது வேறொன்று வாடும். நான் என்ன இருபது வயசுப் பொண்ணா, தள்ளிக்கிட்டே போக?

ஏப்ரல் 16, புதன்

அக்காவிடம் ஓர் உடன்பாடு. இந்த மாதம் முடிவதற்குள் ஒரு நாற்று, ஒரே ஒரு நாற்று, வெளியில் உயிரோடு நின்றால் ஜூன் 8-க்கு அழைப்பிதழ் அச்சுக்குப் போகும். நிற்காவிட்டால் ஆவணி. ரூபேந்திரனிடம் சொன்னேன். மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டார். பிறகு, “நான் வேணும்னா ராத்திரியில வந்து பிளாஸ்டிக் செடி நட்டு வெச்சிட்டுப் போகவா?” என்றார்.

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை.

நிற்க வைக்க என்ன இருக்கிறது? மேசைக்கு அடியில் ஐஸ்கிரீம் டப்பாக்கள்தான். அந்த மண்ணில் புல்கூட முளைக்காது.

ஏப்ரல் 20, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பரக்கத் நிஷா, மதிலுக்கு மேலே பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னது. கணவரோடு சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள், மதிய வியாபாரத்துக்கு நடுவில் வீட்டுக்கு வந்து போகிறவள். ஆகவே கண்ணால் கண்ட சாட்சி.

“இராசம்மாக்காவுக்கு என்ன தைரியம். உச்சி வெயில்ல, ஒரு மணிக்கு, ஒவ்வொரு தட்டா தூக்கிட்டு வந்து வெக்கிறாங்க. நான் ரெண்டு தடவ பாத்தேன். மயக்கம் வந்துரும்க்கான்னேன். கேக்கல.”

ஒரு மணிக்கா?

மேசையோரத்து அரை வெளிச்சத்தில் மூன்று வாரம் வளர்ந்ததை, ஒரு மணி வெயிலில், சுடுகிற சிமெண்டில். உப்பும் பூஞ்சையும் புளிப்பும் இல்லையா அப்படியானால்? மூன்று மண்ணும் அந்த வெயிலை மூன்று விதமாகக் காட்டினவா? நார்த்தூள் காய்ந்து சுருங்கிற்று. கறுப்பு மண் கொதித்துத் தண்டை வேகவைத்தது. சதுப்பு மண் தூளாகித் தண்ணீரை விரட்டியது. சாவு ஒன்று, முகம் மூன்று. நான் முகங்களைப் பேட்டி எடுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

காளியப்பனைக் கேட்டேன், அதிகாரியைக் கேட்டேன். எப்போது வெளியே வைத்தீர்கள் என்று அக்காவை மட்டும் கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

ஒரு மணி வெயிலில் குடையில்லாமல் வாசல் கேட் வரை போனால்கூட என்னை ஏசுகிறவர் அக்கா. ஆயுளெல்லாம் மருந்து நேரத்துக்கு மணி பார்த்தே வாழ்ந்தவர். அவருக்குத் தெரியாமலா ஒரு மணிக்கு...

அக்காதானா?

நான் போயிட்டா தனியா இருக்கணுமேன்னு — சேச்சே. எழுதியதும் கை கூசுகிறது. கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்க முடியவில்லை. அமைச்சர்களிடம் கூசாமல் கேட்டவள்.

ஏப்ரல் 24, வியாழன்

யோங் பெங். ஒரு தோட்டத்தை விற்கிற விவகாரம், செவ்வாய் முதல் இங்கேதான். மூன்று நாளாக விடாத தூறல், சூரியனையே காணோம். நல்லதுதான். வீட்டுக்குப் போக எனக்கு அவசரமில்லை.

ரூபேந்திரன் போனில் கேட்டார், குரல் ஏன் ஒரு மாதிரி என்று. மழை என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும். முடியுமா என்று தெரியவில்லை.

வெள்ளி இரவே வீட்டுக்கு வந்துவிட்டேன், பின்பக்கம் போகவில்லை. இன்று காலை துணி காயப்போடப் போனேன். கொடிக்குக் கீழே, குளியலறைச் சுவரோரம், ஐஸ்கிரீம் டப்பாக்கள். டப்பாக்களில் நாற்று. உயிரோடு. தண்டு தடித்து, இலை கரும்பச்சையாக, வெயில் பட்டும் தலை தொங்காமல். அந்தக் கேவலமான களிமண்ணில்!

உள்ளே ஓடினேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கேட்டேவிட்டேன்.

“அக்கா, டப்பாவ எப்ப வெளிய வெச்சீங்க?”

“புதன்கெழம. மேசைக்கடியில கூட்டணும்னு.”

“எத்தன மணிக்கு?”

“சாயங்காலம்தான். புதன்ல அபிஜித் கெடையாதே.”

அபிஜித்தா?

கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு, அக்கா எனக்குப் பாடம் எடுத்தார். நட்டநடுப் பகலில் வரும் முகூர்த்தம். ராகு காலம், எமகண்டம், எந்தக் குற்றமும் அண்டாத நேரம், புதன்கிழமை ஒன்றைத் தவிர. ஜொகூர் கடிகாரத்தில் அது ஒரு மணியை ஒட்டி வருகிறது. போனில் பஞ்சாங்கம் பார்த்து, நிமிடம் பிசகாமல் வைத்தாராம்.

“மத்த மூணு அடுக்கையும் நான் சும்மாவா வெச்சேன்? தட்டுக்குத் தட்டு உன் பேர், அனுஷம். அவர் பேர், உத்திராடம். சொல்லிச் சொல்லித்தான் வெச்சேன். வீட்டுலயே சூரியன் நேரா விழுற எடத்துல. இந்த டப்பா மீந்ததுதானே, கொடிக்கடியில போட்டேன்.”

கொடியில் ஈரச் சேலைகள் நிழல். அடுத்த நாட்களில் சூரியனே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயிலைப் பார்த்திருக்கிறது. ஆசி பெற்ற மூன்று அடுக்கும் செத்தன. ஆசியே இல்லாமல் போட்டது பிழைத்தது. என்னை வாழ வைக்க இந்த மனுசி உச்சி வெயிலில் மயங்காமல் நின்றிருக்கிறார். நான் ஒரு வாரமாக அவரை—

சிரித்தேன். தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர், அது வெங்காயமும்தான். ஏன் சிரிக்கிற என்று அக்காவும் சிரித்தார். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, அப்படிச் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கவே கூடாது.

“அப்ப நான்தான் கொன்னேன்கிறியா?” என்றார். வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஏப்ரல் 28, திங்கள்

என் தட்டில் சோறு இருந்தது, அக்கா இல்லை. டப்பாக்களை முன்வாசலுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டதற்குக் கதவுக்குப் பின்னாலிருந்து, “எனக்கென்ன தெரியும், படிச்சவங்க நீங்க” என்றார். நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

ரூபேந்திரனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அக்கா என் பேரையும் சொன்னாங்களா?” என்று கேட்டார். திரும்பவும் கேட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

காலை தேத்தண்ணி வைக்கப் போனேன். அக்கா பின்பக்கம் டப்பாக்களுக்கு முன் குந்தியிருந்தார். இலையை விரலால் திருப்பிப் பார்த்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

“வார்டுல மாசக்கணக்கா படுத்துக் கெடந்தவன மொத நாளே வெயில்ல நடக்க விடுவோமா? மொதல்ல கட்டில்ல ஒக்கார வெப்போம். அப்புறம் காலத் தொங்கப் போடச் சொல்லுவோம். அப்புறம் வராண்டா. எனக்கே இது தோணல பாரு.”

எனக்கும்தான் தோணல அக்கா என்றேன்.

“ஒனக்குத் தோணாது. நீ எந்த வார்டுல வேல பாத்த?”

சமாதானம் என்பது இதுதான். இதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் கிடையாது. குந்தியபடியே, “அவர் என்ன சொன்னாரு?” என்றார். நீங்க அவர் பேரைச் சொன்னீங்களான்னு கேட்டார் என்றேன். அக்கா இன்னோர் இலையைத் திருப்பினார். காது மட்டும் சிவந்தது.

பிறகு எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, “கார்டு அச்சுக்குக் குடுத்தாச்சா இல்லியா? செடிதான் நிக்குதே” என்றார்.

ஏப்ரல் 30, புதன்

அழைப்பிதழ் அச்சுக்குப் போயிற்று. மெய்ப்பை நானே திருத்தினேன். ரூபேந்திரன் என்பதில் எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை பார்த்தேன், நான்காவது முறை ஆசைக்கு.

பெரிய விதைப்பும் இன்றே. எல்லா மண்ணிலும்: நார்த்தூள், கறுப்பு மண், பெக்கான் நானாஸ், கால்வாய்க் களி. எந்த மண் என்பது வழக்கிலிருந்து தள்ளுபடி. விதை ஊன்றும்போது அக்கா முணுமுணுத்தார். அனுஷம், உத்திராடம். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

மே 21, புதன்

இன்று முதல் நாற்று வெளியே. அக்காவின் கட்டளைப்படி புதன்கிழமை. அபிஜித் இல்லாததால் தமக்கே ஆசை வராதாம். ரூபேந்திரன் ஹார்டுவேர் கடையில் வாங்கிய கறுப்பு வலையைக் கொடிக்கம்பங்களில் இழுத்துக் கட்டினார். வீட்டுக்கு முன் பந்தல் வருமுன்னே நாற்றுக்குப் பந்தல். மாவிலை கட்டியது அக்கா.

ரூபேந்திரன் ஏணியில் நிற்கும்போது, அந்தக் கயிற்றை இன்னும் இறுக்குங்க தம்பி என்றார் அக்கா. தம்பி! இதுவரை அவரை “அவர்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ரூபேந்திரன் ஏணியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் ஏணி ஆடியது.

மே 24, சனி

அக்காவின் வார்டு. காலை வெயிலில் கொஞ்ச நேரம், பிறகு உள்ளே. நேற்றைவிட இன்று கொஞ்சம் கூட. ஒன்று இலை சுருட்டினால், “நீ இன்னைக்கு ரெஸ்ட்” என்று வலைக்கடியில் தள்ளுகிறார். பரக்கத் நிஷா மதிலுக்கு மேலிருந்து, விசிட்டிங் டைம் எப்பக்கா என்று கேட்கிறாள்.

மே 31, சனி

வலை எடுத்தாயிற்று. முழு நாள், முழு வெயில், ஒரு மணிக்கும் வெளியேதான். நான் சன்னலிலும் அக்கா வாசலிலும் நின்றோம்.

நிற்கின்றன.

ஜூன் 9, திங்கள்

கல்யாணம் நேற்று. முதல் நாள் ஹஜ்ஜுப் பெருநாள், நீண்ட விடுமுறை. சிங்கப்பூர்ச் சொந்தங்கள் எல்லைப் பாலத்து நெரிசலில் நகராமல் நின்று, தாலி கட்டியதைப் போனில் பார்த்தார்கள். பரக்கத் நிஷா பெருநாள் வேலையெல்லாம் முடித்து, நாற்றுக்குப் பை கட்ட வந்துவிட்டாள். நான் அந்த மாம்பழ நிறச் சேலையில். தாலி கட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, ஐயர் முறைத்தார், ரூபேந்திரனுக்கும் சிரிப்பு வந்தது. படங்களில் எல்லாம் நாங்கள் ஏதோ குறும்பு செய்துவிட்டுப் பிடிபட்டவர்கள் மாதிரி இருக்கிறோம்.

மண்டப வாசலில் நாற்று கொடுத்தது அக்கா. சும்மா கொடுக்கவில்லை. “உடனே வெயில்ல வெச்சிராதீங்க. மொதல்ல நெழல்” என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார். பின்னால் வரிசை நின்றது. செல்வா கையில் நாற்றோடு வந்து, கட்டுரை எங்கே என்று கேட்டார். உறுதியாகிவிட்டது, தருகிறேன் என்றேன்.

ஜூன் 11, புதன்

பெட்டி கட்டினேன். அக்கா வாசலில் நின்று சட்டம் சொன்னார். முதல் வாரம் பெக்கான் நானாசில் இரண்டு இரவு, பிறகு இங்கே. அடுத்த வாரம் நான்கு. அதற்குப் பிறகும் புதன்தோறும் இங்கே வந்து ஓர் இரவு தங்க வேண்டும். ரூபேந்திரன் பெட்டியைக் காரில் வைத்தார். சாலை திரும்பிய பிறகுதான் சிரித்தார். நான் கொஞ்சம் அழுதேன். பிறகு பசித்தது.

ஜூன் 25, புதன்

தம்போய். என் கட்டில், என் சன்னல். அக்கா தோசை ஊற்றினார். அந்த வீட்டில் ராத்திரி தவளைச் சத்தம் பழகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். பழகிவிட்டது என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. பாதி பழகிவிட்டது என்றேன்.

ஜூலை 16, புதன்

மாலை வழக்கம்போல் பெட்டியோடு தம்போய் போனேன். கதவு திறந்திருந்தது. அக்காவும் பரக்கத் நிஷாவும் என் அறையில். நிஷாவின் மகள் ஷைமாவுக்கு அக்டோபரில் நிக்காஹ், அங்கேயும் மிளகாய் நாற்றுதானாம். சன்னலோரம் வெளிச்சம் இந்த அறையில்தான் நன்றாக விழுகிறது என்று, மெத்தையை மடித்துச் சுவரில் சாத்திவிட்டு, என் கட்டில் பலகை நிறையத் தட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். இருவர் கையிலும் மண். அக்கா, நார்த்தூளை இன்னொரு தடவை அலசச் சொல்லி நிஷாவை அதட்டிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், “வந்துட்டியா? சாப்பிட்டுட்டு வெளிச்சம் இருக்கும்போதே கெளம்பு. அந்த ரோட்டுல வெளக்கு கெடையாது” என்றார்.

இன்னைக்குப் புதன் அக்கா என்றேன்.

“தெரியும். தட்டத் தட்டி வுட்டுறாத, அந்தப் பக்கமா போ.”

சாப்பிட்டேன். பெட்டியைத் திறக்காமலே திரும்பக் காரில் வைத்தேன். வழி முழுவதும் தாளம். கேட்டைத் திறந்த ரூபேந்திரன், இன்னைக்கு அங்கதானே என்று கேட்டார்.

என் கட்டிலில் நாற்று இருக்கிறது என்றேன்.